எழுத்துக்கு ஏழு ரூபாய்

பர்கூர் தாண்டிச் சாலையோரம் எங்கள் கல் பட்டறை.
ஆனி மாதம். மாங்கூழ் ஆலையின் புளிச்ச வாடையும்
கல்லறுத்த தண்ணீரின் சேற்று வாடையும்
காலையிலேயே சேர்ந்து வரும்.
என் வேலை எழுத்துச் சரிபார்ப்பது.
தாளில் இருப்பது கல்லில் இருக்கிறதா,
புள்ளி, வால், மேற்கோடு
விட்டுப்போகவில்லையா.
படிக்கத் தெரிய வேண்டாம், பார்க்கத் தெரிந்தால் போதும்
என்றுதான் கஜேந்திரன் சார் சேர்த்துக்கொண்டார்.

இந்த முறை பதினான்கு பலகை.
கறுப்புக் கல். இரண்டு பக்கமும் பாலிஷ்.
போலந்தில் ஒரு சின்ன ஊர், பெயர் நாக்கில் நிற்கவில்லை.
அறுநூற்றுப் பதினொரு பேர்.
பெயர், பிறந்த நாள், இறந்த நாள்.

மூன்றாவது பலகையில்தான் கவனித்தேன்,
கடைசிக் கட்டம் மாறவே இல்லை.
கணினியில் அடித்தவர் மேலே இருந்த தேதியை
அப்படியே கீழே இழுத்துவிட்டார் போல.
மெயில் போட்டோம்: தேதி தவறு, திருத்தி அனுப்பவும்.
மறுநாள் ஒரே வரி வந்தது.
தவறு இல்லை.

அதற்குப் பிறகு
விரல்விட்டுக் கழித்துப் பார்க்காமல்
ஒரு பெயரையும் கடக்க முடியவில்லை.
ஃப்ரூமாவுக்கு எழுபத்தொன்பது.
அவளுக்குக் கீழே அதே குடும்பப் பெயரில் ஒன்பது பேர்,
கடைசி ஆளுக்கு எட்டு மாதம்.

எழுத்துக்கு ஏழு ரூபாய் கணக்கு.
புள்ளிக்கும் கோட்டுக்கும் தனிக் காசு கிடையாது.
ஹன்னா முப்பத்தைந்து ரூபாய்.
பன்னிரண்டாம் பலகையில் ஒரு குழந்தைக்கு மட்டும்
பெயர் இருக்கிற இடத்தில் வாக்கியம்:
பைலாவின் மகள், பெயர் தெரியவில்லை.
அவர்கள் மொழியில் இருபத்திரண்டு எழுத்து,
நூற்றைம்பத்து நான்கு ரூபாய்.

பதினாலாவதில் பெயரே இல்லை.
வண்டிகட்டித் திரிந்த ரோமாக் குடும்பங்கள்,
யாரும் எழுதிவைக்கவில்லை என்றது கடிதம்.
ஏறக்குறைய 40.
எண்ணையும் எழுத்தாகவே எண்ணினோம். நாற்பத்தொன்பது ரூபாய்.

டீ நேரத்தில் கஜேந்திரன் சார்
அந்தக் கடிதத்தைத் தமிழாக்கிச் சொன்னார்.
நாற்பத்திரண்டு, அக்டோபர்.
விடியலில் நாஜிப் படை லாரிகளில் வந்தது.
யூதர்களை வீடு வீடாக இறக்கி
மத்தியானத்துக்குள் காட்டில் முடித்துவிட்டார்கள்.
குழி முந்தின வாரமே வெட்டியாயிற்று,
வெட்டியவர்களுக்குக் கூலியும் கொடுத்தாயிற்று.

எத்தனை சிப்பாய், ஏன் ஓடவில்லை,
கடவுள் எங்கே போனார்
என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.
பாலிஷ் போடும் சாக்கப்பன் வாய் திறக்கவில்லை.
தர்மபுரிப் பக்கம் அவன் காலனி எரிந்தபோது
பக்கத்துத் தெருவில் ஒரு கூரைகூடக் கருகவில்லை.
அதுவும் இதுவும் ஒன்றல்ல.
அவனும் அப்படிச் சொல்லவில்லை.
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டான்:
"வந்தவன் வெளியூர்க்காரன்.
எந்த வீடுன்னு யாரு காட்டுனது?"

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கஜேந்திரன் சார்.
அது அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை கண்டெய்னர் ஏற வேண்டும்.
வியாழன் சாயங்காலம் ஒன்பதாம் பலகையில் கண்டுபிடித்தேன்.
ஒரு எழுத்தின் குறுக்கே
நகக்கீறல் அளவு சாய்கோடு விட்டுப்போயிருந்தது.
"யாரும்மா பாக்கப்போறா, கையெழுத்துப் போடு" என்றார்.
யாரும் பார்க்காததால்தானே என்று சொல்ல வந்தது.
சொல்லவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

சாக்கப்பன் வைர முனையை மாட்டிக்கொண்டு வந்தான்,
ஓவர்டைம் கேட்கவில்லை.
எட்டு மணிக்குக் கரண்ட் போய் ஒன்பதரைக்கு வந்தது.
காத்திருந்த நேரத்தில் போனில் போட்டுக் கேட்டேன்,
அந்தக் கோடு இல்லாவிட்டால் லாயா.
கோடு இருந்தால் வாயா.

தேய்க்கிற சத்தத்துக்கு மேலே
ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
வாயா.

கல்லுக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தவன்
தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று
மெஷினை நிறுத்திவிட்டு
ஈரக்கையோடு எதிரில் வந்து நின்றான்.

கல்லைக் காட்டினேன்.
பதினொரு வயது, என்றேன்.